இரண்டு சொற்கள்

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை,
அதனால்தான் நீங்கள் வேண்டும்" என்றாள் ரீன்.
தார்த்து நகர ஆஸ்பத்திரியில்
ஜன்னல் வைக்க மறந்த ஓர் அறை.
எனக்கு எழுபத்திரண்டு.
முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில்
கால அட்டவணை எழுதியவள்.
எல்வாவுக்குக் கடைசி வண்டி
இன்றைக்கும் எனக்கு இரவு பத்து நாற்பதுதான்,
அந்த வண்டியை நிறுத்திய பிறகும்.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
இது கரும்பில்லை.
வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று, ஆறு வாரம்.
கூலி: போகவர டிக்கெட், ஒரு குவளை காபி.
நிஜ மருந்தா வெறும் மாவா
ரீனுக்கே தெரியாது.
என் குடலுக்கு நான்காம் நாளே தெரிந்துவிட்டது.

கெண்டைக்கால் முறுக்கி எழுப்பும் நடுச்சாமங்களில்
பாதியில் விட்ட கனவு அப்படியே நிற்கும்:
பல் டாக்டரின் காதுமடலில் ஒரு மச்சம்,
டிப்போ தரையில் சிந்திய டீசலின் வானவில்,
நான் திருப்பித் தராத குடை,
அதன் கைப்பிடியில் கீறல்.
எல்லாம் விளக்குப் போட்டு, விலைச்சீட்டோடு.
கடையில் சோப்பு கேட்டவளிடம்
யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக்
கட்டிக் கொடுத்தது மாதிரி.

சோதனையில் பதினைந்து சொற்கள்.
ரீன் நிதானமாக வாசிப்பாள்.
அரைமணி கழித்து நான் ஒப்பிக்க வேண்டும்.
முதல் நாள் பதின்மூன்று.
ஆறாம் வாரம் பதினொன்று.
பாலம், கரண்டி.
இரண்டும் நாக்கு நுனிவரை வந்து
உள்ளே யாரோ கூப்பிட்டதுபோல்
திரும்பிவிட்டன.

நிறைகுடம் தளும்பாது என்று யார் சொன்னது?
மேலே கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள்.

மூன்றாம் மாடி கல்யோவுக்கும் இதே மாத்திரை.
அவருக்கு இது சோதனை இல்லை,
டாக்டர் எழுதிக் கொடுத்தது.
சல்மே தேனில் தோய்த்து ஊட்டுகிறாள்.
மார்ச் மாதம் அவருக்கு
நாயின் பெயர் திரும்பி வந்தது.
ஒன்பது நாள் இருந்தது.
செத்து எத்தனையோ வருஷமான நாய்.
ஆனாலும் ஒன்பது நாளும்
கதவோரம் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள் சல்மே.

கடைசியில் உறையைப் பிரித்தார்கள்.
நிஜ மருந்துதான்.
"வேறு சிலருக்கு ஏறியிருக்கிறது" என்றாள் ரீன்,
"சராசரி எடுத்தால்
உங்கள் இரண்டு சொல் காணாமலே போய்விடும்."
அவை ஏற்கெனவே காணாமல் போனவை என்று
நான் சொல்லவில்லை.
காபி நன்றாக இருந்தது.

மாத்திரை நின்றதும் கனவுகளும் நின்றன.
குடை யாருடையது என்று
இன்னும் இரண்டு இரவு விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சல்மே வீட்டில் சாப்பாடு.
நான் கல்யோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் சொற்கள் இரண்டும்
படியிறங்கி இவர் வீட்டில் நுழைந்திருக்குமோ என்று.
பைத்தியக்காரத்தனம், தெரியும்.
கையிலிருந்த கரண்டியை
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
உதடு கூடியது.
"உப்பு" என்றார்.

சூப்பில் உப்பு குறைவுதான்.
சல்மே எழுந்து போனாள் எடுத்துவர.