கத்தரிக்கோல்

கட்டுநாயக்காவில் தந்த அட்டையில்
'இலங்கையில் தங்கும் முகவரி' என்று ஒரு கோடு.
தவமலர் வீடு என்றுதான் மனதில் இருந்தது.
அதற்கு இலக்கம் என்ன?
பின்னால் நின்ற பெடியன் என் பேனைக்காகக் காத்திருந்தான்.
வெள்ளவத்தை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.
அதிகாரி அதைப் பார்க்கவேயில்லை.

பதினாறு வருடம்
அவளைத் திரையில்தான் கண்டேன்,
அதிலும் பாதி நாள் நெற்றி மட்டும்,
மீதி நாள் சுழலும் மின்விசிறி.
திரையில் யாருக்கும் உயரம் இல்லை.
லிஃப்ட் கதவு திறந்தபோது
என் தோளுக்குக் கீழே நின்றாள் தங்கச்சி.
"இவ்வளவுதானோ நீ?" என்றேன்.
"பேர்கன் மழையில நீதான் வளந்திட்டாய்."
பிறகுதான் அழத் தொடங்கினோம்.
கதவு சூட்கேசில் இடித்து இடித்துத் திறந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் நான் விருந்தாளி.
பொன் விளிம்பு வைத்த கோப்பையில் தேத்தண்ணி.
அபிசாந்தின் கட்டில் எனக்கு,
அவன் ஹாலில் பாய் விரித்துப் படுத்தான்.
வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்,
"எப்ப வந்தனீங்கள் எப்ப போறியள்?"
மூச்சு விடாமல், ஒரே சொல்லாக.
சொக்லேட் பையைப் பார்த்தபடி கேட்டவர்களும் உண்டு.

அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு
படுக்கை விரிப்பு மடிக்கிற மாரித்
ஒவ்வொரு ஜூனிலும் கேட்பாள்,
"இந்த முறை வீட்டுக்குப் போகிறாயா?"
பத்தொன்பது வருடமாய் வங்கிக்குக் கட்டுகிற என் வீடு
அவள் வீட்டிலிருந்து மூன்றாவது பஸ் தரிப்பு.

பம்பலப்பிட்டியில் ஏறிய ஓட்டோக்காரர்
கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்,
"கெதர கொஹெத, நோனா?"
எனக்குத் தெரிந்த சிங்களம்
மீன் விலைக்கும் மிச்சக் காசுக்கும் போதும்,
இதற்குப் போதவில்லை.
கடல் பக்கம் கையைக் காட்டினேன்.
அவர் மரைன் டிரைவுக்குத் திருப்பினார்.
அதுவும் சரியான பாதைதான்.

"எனக்கும் இது வாடகை வீடுதான்" என்றாள் மலர்,
உப்புக் காற்றில் துரு உரிந்த கம்பியில்
துவாய் காயப்போட்டபடி.
"முந்திப் பொலிஸ் பதிவுக்குப் போனால்
தற்காலிகம் எண்டுதான் எழுதுறனான்.
இருவத்திரண்டு வருசத் தற்காலிகம்."
இரண்டு கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னதால்
பாதிதான் விளங்கியது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
குளியலறை லைட்டை நூர்க்காமல் வந்துவிட்டேன்.
"கறண்ட் பில்லை நோர்வே அரசாங்கமோ கட்டுது?"
அடுப்படியிலிருந்து ஒரு கத்தல்.
குகதாசன் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.
பாவம், நான் கோபிப்பேன் என்று பயந்திருப்பார்.
போய் லைட்டை நூர்த்தேன்.
பின்னேரம் காது உடைந்த கோப்பை வந்தது.
மறுநாள் ஒரு றாத்தல் பாணுக்கும் தேங்காய்க்கும்
என்னை அனுப்பினாள்,
தேங்காய் முற்றவில்லை என்று திரும்பவும் அனுப்பினாள்.
கடைக்காரரோடு சண்டை பிடித்தேன்.
எப்ப போறியள் என்று அவர் கேட்கவில்லை.

இரவு ரயில் கடலோரமாய்ப் போகையில்
அலுமாரிக் கண்ணாடி நடுங்கும்.
முதல் நாள் எழுந்து உட்கார்ந்தேன்.
எந்த இரவிலிருந்து கேட்காமல் போனதென்று
தெரியவில்லை.

போகும் நாளில் அவள் அழவில்லை.
மிளகாய்த்தூளை நாலு பையில் சுற்றி
எடை கூடுமோ கூடுமோ என்று
தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோஹாவில் ஒஸ்லோ விமானத்தின் வாசலைத் தேடி
நிற்கும்போது போன் அடித்தது.
நெற்றி.
"கத்தரிக்கோலை எங்கை வைச்சனி?"
"ஃபிரிஜ்ஜுக்கு மேல, காஸ் பில்லுக்குக் கீழ."
"அங்கை இல்லை."
"அப்ப ஜன்னல் கட்டில பார்,
பால் பக்கற் வெட்டினனான்."
சரசரப்பு. மின்விசிறி. மறுபடியும் நெற்றி.
"ஓ, கிடக்கு" என்று வைத்துவிட்டாள்.

எங்கே நிற்கிறாய் என்று
கேட்கவேயில்லை.