தூறல் நாள் அறிக்கை

வண்டி நிற்கவில்லை.
கிரிண்டில்ஃபோர்டு மேடையில் பதினொரு பேர் பார்த்தார்கள்.
காலை ஆறு பதினாலு.
விளக்கெரியும் சன்னல்கள்,
உள்ளே தொப்பியைச் சரிசெய்தபடி எழுந்து நின்ற ஒருத்தி,
எல்லாம் அவர்களைக் கடந்துபோய்
டோட்லி சுரங்கத்தின் வாய்க்குள் பாதி நுழைந்து
அப்புறம்தான் நின்றது.

யாருக்கும் காயமில்லை. ஒருவரின் காபி கொட்டியது.
ஓட்டுநர் ஆலரன்ஷா, இருபத்திரண்டு வருட சர்வீஸ்,
பிரேக் போட்டதாகவும் அது கேட்கவில்லை என்றும் சொன்னார்.
தமிழில் எனக்கு அது இப்படி விழுந்தது:
பிடித்தேன். பிடிக்கவில்லை.

ஷெஃபீல்டிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.
பஞ்சு, சாமணம், மூடிபோட்ட குப்பிகள்.
பாதையை அடைத்தபின் மண்டியிட்டுத்
தண்டவாளத்தின் தலையைத் துடைத்தேன்,
காய்ச்சல்காரனின் நெற்றியைத் துடைப்பதுபோல்.
பஞ்சில் கறுப்பு.

இலை என்றால் இந்த நாட்டில் சிரிப்பார்கள்.
தாமதத்துக்கு ரயில்காரன் சொல்லும் பழைய சாக்கு.
ஆனால் சரிவிலிருந்து இறங்கும் ஓக் இலை
சக்கரத்தடியில் அகப்பட்டபின் இலையாக இருப்பதில்லை.
சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்வது
ஒரு காசளவு இடத்தில்.
அந்தக் காசின்மேல் ஐந்து டன்.
அரைபட்ட இலையின் துவர்ப்பு இரும்போடு கூடி
மையாகிறது.
கடுக்காயும் அன்னபேதியும் கூடினால் வருமே,
அந்தக் கறுப்பு.
நகத்தால் சுரண்டினாலும் போகாது.

அடைமழை வந்தால் கொஞ்சமாவது கழுவிக்கொண்டு போகும்.
தூறல்தான் துரோகி.
முடியைவிட மெல்லிய அந்தத் தோலை நனைத்துச்
சோப்பாக்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நின்றுவிடும்.
என் கருவி காட்டிய எண்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
இரண்டாம் முறையும் அதே.

மேடைச் சுவரில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது,
செங்குத்தாக, அதே தூறலில்.
நின்றால் அதன் கோழை பசை,
அழுத்தித் தள்ளினால் தண்ணீர்,
மறுபடி நின்றால் மறுபடி பசை.
எண்பது டன் வண்டி
இதன் பக்கத்தில்தான் வழுக்கிப் போயிருக்கிறது.

போன மார்ச்சில் நானும் ரூபனும் பிரிந்தபோது
உங்களுக்குள் ஓர் உரசல்கூடக் கண்டதில்லையே
என்றார்கள் எல்லோரும்.
அதேதான்.
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கத்துவதற்கும்
ஒரு சொரசொரப்பு வேண்டியிருக்கிறது.
அறிக்கைப் படிவத்தில்
இதற்குக் கட்டம் கிடையாது.

மதியம் பணிமனையில் மணல்பெட்டியைத் திறந்தோம்.
வழுக்கும்போது சக்கரத்துக்கு முன்னால்
மணல் தூவ வேண்டும். பித்தானை அழுத்தியிருக்கிறார்,
பதிவுக்கருவியில் இருக்கிறது, ஒன்பது முறை.
குழாய்க்குள் ஈரம் புகுந்து
ஒரு கைப்பிடி மணல் கட்டியாகி அடைத்திருந்தது.
ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல்
ஒட்டக்கூடாத இடத்தில்
ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு.

"அப்போ என் தப்பில்லை," என்றார் ஆலரன்ஷா.
கேள்வியா பதிலா என்று தெரியவில்லை.
பூட்டிய சக்கரம் இழுபட்டு
ஓரிடத்தில் தட்டையாகியிருந்தது.
அது சுற்றும்போது வரும் ஓசையை
மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்.
டக். டக். டக்.
பேச்சு முடிந்தும் தட்டிக்கொண்டிருந்தார்.
தேநீர் ஆறிப்போனது. நான் எழுந்திருக்கவில்லை.

நாலு இருபது வண்டியில் திரும்பினேன்.
ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்னும்
காலடியில் மணல் நெறுநெறுத்தது.
சரிவில் மரங்கள் இன்னும் பாதி நிறைய இருந்தன.
சுரங்கம் தாண்டி சிக்னல் வந்ததும்
அலுவலகத்துக்குச் சொல்லலாமென்று
போனில் கட்டைவிரலை வைத்தேன்.
ரேகைகளுக்கிடையே இன்னும் அந்த மை.

அடையாளம் தெரியவில்லை என்றது.
பாவாடைத் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.
தெரியவில்லை.