முந்நூற்று நாற்பது ரூபாய்

மான்குர்தில் இரண்டு அறை, ஒன்பது பேர்,
ஒரு கக்கூஸ்.
தண்ணீர் காலை ஐந்தே முக்காலுக்கு வரும்,
ஆறேகாலுக்கு நின்றுவிடும்.
யார் எப்படி என்று
அந்த அரைமணியில்தான் தெரிந்துகொண்டோம்.
ஜுன்மோனி எல்லோர் பாட்டிலையும் நிரப்புவாள்.
ஹர்கோவிந்த் தன்னுடையதை மட்டும்.
சுபாஷிஷ் எழுந்திருக்கவே மாட்டான்,
பிறகு எல்லோர் பாட்டிலிலும் குடிப்பான்.

பகலில் சர்வே.
பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை எண்ணவேண்டும்.
படிவம் நனையாதிருக்க
பால் கவரைக் கழுவி அதற்குள் செருகுவோம்.
கதவு திறக்கும் பெண்கள் எங்களையே கேட்பார்கள்:
நீங்கள் ஏன் காலேஜுக்குப் போகவில்லை?
எண்ணி முடித்ததும் என்ன செய்வீர்கள்?
இந்தியில் எனக்கு எதிர்காலம் மட்டும்தான் வரும்.
கரேங்கே. ஆயேங்கே. தேங்கே.
பொய் சொல்ல அது போதும்.

லால்ருவாட்டி கருவாடு வறுத்த இரவு
ஹர்கோவிந்த் தட்டோடு மொட்டைமாடிக்குப் போனான்.
நல்ல மழை.
பத்து நிமிடத்தில் இறங்கி வந்தான்,
ஊறிப்போன சப்பாத்தியோடு.
யாரும் சிரிக்கவில்லை.
துண்டு எடுத்துக் கொடுத்தது அவள்தான்.
உப்புக்காக நடந்த சண்டைகளை எழுத
இங்கே இடம் போதாது.

பொதுப்பணம் பிஸ்கட் டப்பாவில்.
கணக்கு என் பொறுப்பு,
பி.காம். என்று முதல்நாளே சொல்லித் தொலைத்திருந்தேன்.
ஜூலைக் கடைசி ஞாயிறு
முந்நூற்று நாற்பது குறைந்தது.
இரண்டு தடவை தனியாக எண்ணினேன்.
மூன்றாம் தடவை எல்லோர் முன்னாலும்.

வட்டமாக உட்கார்ந்தோம்.
கையில் கரண்டி வைத்திருப்பவர் மட்டும் பேசலாம்,
பயிற்சி முகாமில் சொல்லித்தந்த முறை.
கரண்டி ஒரு சுற்று வந்தது, பேச்சில்லாமல்.
சுபாஷிஷிடம் கொஞ்சம் கூடுதலாக நின்றது,
அல்லது நாங்கள் அப்படிப் பார்த்தோம்.
அவனுக்கு வீட்டிலிருந்து பணம் வராது.
எல்லோருக்கும் தெரியும்.
அன்றிரவு ஒன்பது பேரும்
ஆளுக்கொரு சுவர் பார்த்துப் படுத்தோம்.
இரண்டு அறைக்கு எட்டுச் சுவர்தான்.

திங்கள் காலை டப்பாவில்
முந்நூற்று நாற்பது கூடியிருந்தது.
சாயங்காலம் இன்னொரு முந்நூற்று நாற்பது,
பத்தும் இருபதுமாக, ஈரத்தோடு.
புதன்கிழமை மறுபடியும்:
மூன்று புது நூறு, நான்கு பத்து ரூபாய் நாணயம்.
யாரென்று கேட்கலாம்.
கரண்டியைத் தொட எனக்குத் துணிவில்லை.

வியாழன் இரவு நோட்டைப் புரட்டினால்
நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கிடந்தது,
என்றோ சிந்திய பருப்பு.
நகத்தால் பிரித்தேன்.
என் கையெழுத்து:
கொசுவலை, இரண்டு. 340.
அதில் ஒன்றுக்குள் உட்கார்ந்துதான்
அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

யாருமே எடுக்காத பணத்தை
மூன்று பேர் திருப்பி வைத்திருக்கிறார்கள்.
வெளியே குறட்டை, மின்விசிறி,
தூரத்தில் பன்வேல் போகும் கடைசி லோக்கல்.
பக்கத்தை மறுபடி ஒட்டிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.

நாளைக்குச் சொல்வேன் என்று நினைத்தேன்,
வெள்ளி, சனி, ஞாயிறு.
எனக்கு வரும் எதிர்காலம் அவ்வளவுதான்.

அதிகப்படிப் பணத்தில் இன்னொரு பக்கெட் வாங்கினோம்.
மிச்சத்தில் கருவாடு,
ஹர்கோவிந்துக்குப் பனீர்.
பக்கெட்டை ஸ்டேஷன் பக்கமிருந்து
சுபாஷிஷ்தான் கொண்டுவந்தான்,
மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு,
பச்சைக் குடத்துக்குள் பாடுவதுபோல் ஏதோ பாடிக்கொண்டு.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறான்.
எல்லோர் பாட்டிலையும் நிரப்புகிறான்.
முதலில் என்னுடையதை.