கையெழுத்து

மார்ச் கடைசியில் எங்கள் பள்ளத்தாக்குக்கு
எக்ஸ்ரே வண்டி வந்தது.
போர் முடிந்து எட்டு வருஷம்.
பள்ளிக்கூட முற்றத்தில், பனி உருகிய சேற்றில்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நில்லுங்கள் என்றேன்.
நின்றார்கள்.
வரிசையில் நிற்க அந்த ஆண்களுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைகளை உயர்த்தித் தகட்டை அணையுங்கள்.
முகவாய் மேலே.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.
விடலாம்.

நுரையீரல் டாக்டர் ஓபர்மோசருக்கு.
எனக்குத் தோல் மட்டும்தான்.
இடது கையின் உட்புறம், அக்குளுக்குச் சற்றுக் கீழே
தபால்தலையில் பாதி அளவுக்கு
ரோமம் முளைக்காத ஒரு வழவழப்பு.
"அடுப்பில் பட்டது" என்றான் ரொட்டிக்கடை வெண்டலின்,
நான் கேட்காமலே.
மரமறுக்கும் ஆலையின் முதலாளிக்கு அங்கே தோட்டா பாய்ந்ததாம்.
கோயில் மணியடிப்பவர் ஒன்றும் சொல்லவில்லை.
சிகரெட் முனையின் வட்டங்கள்,
ஒன்றன்மேல் ஒன்றாக ஏழோ எட்டோ.

அறுபத்திரண்டு ஆண்கள்.
பதினொரு பேருக்கு ஒரே இடத்தில் விபத்து.

முதலில் அவர்கள் ஒரு மேடையைக் காத்த சில பேர்.
அப்புறம் பொறுக்கி எடுத்தார்கள்:
உயரம், மண்டையின் வடிவம், பாட்டனுக்குப் பாட்டன் பெயர்.
ஒரே ஒரு பல் அடைத்திருந்தாலும் ஆகாது என்ற காலம்.
கறுப்புத் துணி. தொப்பியில் மண்டையோடு.
முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்றதும் அவர்கள்,
டாங்கியேறிக் கிழக்கே போனதும் அவர்கள்.
ஆள் தீரத் தீரப்
பல்லை யாரும் எண்ணவில்லை.
மீசை முளைக்காததுகளையும் லாரியில் ஏற்றினார்கள்.

வெண்டலின் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை
அவள் கடையில் எல்லோருக்கும் வாசித்துக்காட்டினாள்.
ஆகஸ்ட் பத்தொன்பது.
*இங்கே பிளம்ஸ் பழுத்துத் தொங்குகிறது அம்மா,*
*பறிக்கத்தான் ஆளில்லை.*

போர் முடிந்த வருஷம் அகதி முகாமில்
தீயில் காது சுருங்கிய ஒருத்திக்குக் கட்டு மாற்றினேன்.
அவள் ஊரில் ஆட்களைத் தானியக் களஞ்சியத்தில் அடைத்து
வைக்கோலுக்குத் தீ வைத்தார்கள்.
கதவுக்கு எதிரே மண்டையோட்டுத் தொப்பிகள்
பழம் தின்றபடி காவல் நின்றன.
எப்போது என்றேன்.
தேதியை மட்டும் இரண்டு முறை சொன்னாள்,
நான் தப்பாக எழுதிவிடுவேனோ என்று.
நான் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

வரிசையின் கடைசியில் கோர்பினியன்.
இருபத்தாறு வயது, பால் பண்ணையில் வேலை.
கையை உயர்த்தினான்.
அவன் எதையும் சுட்டுக்கொள்ளவில்லை.
ஊதா படிந்த எழுத்து அப்படியே இருந்தது.
"ரத்த வகை, சிஸ்டர்" என்று சிரித்தான்.
"என்றைக்காவது உதவும்."

பி.
இரண்டு வயிறு உள்ள எழுத்து.
கீழ்வயிறு பெரிது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு.

சாய்ந்தது அவன் கூச்சத்தில் நெளிந்ததால்.
நாற்பத்து நாலு, ஆஸ்பத்திரிக் கூடம்,
ஒரு கிண்ணம் மை, ஒரு ஊசி.
காலையிலிருந்து நூற்று நாற்பது கைகள்.
அசையாதே என்று அதட்டினேன்,
அவன் இன்னும் சிரித்தான்.
எனக்கு இருபது வயது.
என் எழுத்து அழகு என்றுதான்
அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

தலையெழுத்து என்று சொல்லிவிடலாம்தான்.
அதை எழுதிய கையை யாரும் பார்த்ததில்லை.
இது கையெழுத்து.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை.
கைகளை உயர்த்தித் தகட்டை அணைத்தான்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றேன்.
அட்டையை எடுத்துக் குடும்பப் பெயரை எழுதத் தொடங்கினேன்:
பிஹ்லர்.
முதல் எழுத்து. கீழ்வயிறு பெரிதாக வந்தது.

பேனாவை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஜெனரேட்டர்.
கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க
அவன் அப்படியே நின்றான்,
சொன்னதைச் செய்தபடி.
விடலாம் என்று
நான் இன்னும் சொல்லவில்லை.