சின்னச் சிவப்புச் சக்கரம்

மூன்று மாதத்துத் தண்ணீர் பில் வந்தது.
காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறாய் என்று
இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் ஏச முடியாது.
நாங்கள் தண்ணீரைக்
காசாய்ச் செலவழித்திருந்தோம்.

முதல் சந்தேகம் என் மேல்.
அரிசியை ஏழு தரம் களைகிறேனாம்.
அடுத்தது இவர் மேல்.
ஷவருக்குள் ஒரு முழுப் பாட்டு,
இடையிசையும் விடாமல்.
பிறகு இருவருமாய்ப் பின்வளவு எலுமிச்சையைப் பார்த்தோம்.
அது பதில் சொல்லவில்லை.
அடிலெய்டில் பெப்ரவரி, நாற்பத்திரண்டு பாகை,
எதுவுமே பதில் சொல்லாது.

நீரடித்து நீர் விலகாதாம்.
பில் அடித்து
மூன்று நாள் விலகியிருந்தோம்.

நாலாம் நாள் இவர் ஒரு நீல வாளி வாங்கி வந்தார்.
சுடுநீர் வரும்வரை வீணாய் ஓடும் குளிர்நீர்
அதற்குள் விழுந்தது.
அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு,
கீரை அலசியது மிளகாய்க்கு.
பக்கத்து வீட்டு மெர்வின் வேலிக்கு மேலால் தந்த
பட்டாணி வைக்கோலை
எலுமிச்சையின் காலடியில் தடிப்பாய்ப் பரப்பினோம்.
விரலை விட்டுப் பார்த்தால்
மதியத்திலும் உள்ளே ஈரம்.
புல்லைச் சாகட்டும் என்று விட்டோம்.
சாகவில்லை,
பிஸ்கட் நிறத்தில் முறைத்துக்கொண்டு கிடந்தது.

மே மாதம் அடுத்த பில்.
ஏழு டாலர் கூட.

அன்று இரவு பதினொரு மணிக்கு
எல்லாக் குழாயையும் இறுக்கிவிட்டு
வாசலில் குந்தியிருந்து மீட்டர் மூடியைத் திறந்தோம்.
ஒரு சிலந்தியை ஊதி விரட்டி
டார்ச் அடித்தார்.
தெருவே நித்திரை.
அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் மட்டும்
சுற்றிக்கொண்டிருந்தது,
எந்த அவசரமும் இல்லாமல்.

எங்கே போகிறாய்?

பீட்ரூட் அவித்த தண்ணீர் குசினியில் இருந்தது.
எதையும் கொட்டாத வீடல்லவா இப்போது.
கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கி ஊற்றிவிட்டுக்
கதவடியில் தரையில் இருந்தோம்.
இப்படி இருவரும் ஒன்றாய்க் காத்திருந்தது
கடைசியாக விசா அலுவலகத்தில்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு வெள்ளைப் பீங்கானில்
மெல்ல
ஒரு ரோஜாக் கோடு.
சத்தமே இல்லை அதற்கு.
நாங்கள் சண்டை பிடித்த நேரமெல்லாம்
பக்கத்து அறையில் இது
இப்படியே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எட்டு டாலர், ஒரு ரப்பர் வளையம்.
மாற்றிவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தோம்,
சக்கரம் நின்றிருந்தது.
ஓடாத ஒன்றை
அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"நீ மூன்று தரம்தான் களைகிறாய், எண்ணினேன்" என்றார்.
பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
இடையிசையை அவராகவே விட்டுவிட்டார்.

நீல வாளி இன்னும் ஷவருக்குள்தான்.
சில இரவுகளில் கதவு கிறீச்சிடும்.
குளிரில், வெறுங்காலோடு,
டார்ச்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
சக்கரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்,
நான் நித்திரை என்று நினைத்து.