மழை உள்ளே வரவேணும்

புரட்டாதிப் பறுவத்துக்கு இரண்டு நாள் இருக்க
கிடுகு கேட்டாள் பெர்லா.
"எத்தினை?" எண்டன்.
"கொஞ்சம் போதும். மழை உள்ளே வரவேணும்."

எங்கேயோ சொல்லுப் பிசகிப் போச்செண்டு
நிறைமதியைப் பார்த்தன்.
அவள் தோளைக் குலுக்கினாள்.

பெர்லாவுக்கு ஊர் ஆர்ஜென்டீனா.
எங்கட கருவிகள் ஊமையாகிப் போனால்
வயிற்றைத் திறந்து திரும்பக் கூவ வைப்பாள்.
நாங்கள் அம்பகாமத்துக் காட்டுக்குள்
முழங்காலில் நிண்டு மண் சுரண்டுகிறவர்கள்.
ஒரு மீற்றர் அகலம். ஒரு சாண். பிறகு இன்னொரு சாண்.
சிவப்புத் தடி ஒரு எட்டுத் தள்ளிப் போனால்
அன்றைய நாள் நல்ல நாள்.

"எங்கட பெருநாள்" எண்டாள், "யூதருக்கு.
இலையுதிர்காலத்தில் வரும்.
எங்கட ஊரில் இப்ப வசந்தம், இங்கை மாரி.
நாட்காட்டியில் மட்டும்தான் இலை உதிருது."
ஏழு நாள் வீட்டை விட்டுக் கொட்டிலுக்கு வரவேணுமாம்.
கூரைக்குள்ளால் நட்சத்திரம் தெரியவேணுமாம்.
அதுக்குள்ளே இருந்து மகிழவேணுமாம்.
"மனம் வராட்டில்?"
"அது கட்டளை."

நான் சிரிச்ச சிரிப்பில்
தேத்தண்ணி மூக்காலை வந்தது.
எனக்குத் தெரியாத கட்டளையா?
பங்கருக்குள் இறங்கு. எழும்பு. நட.
பையை வை. வரிசையில் நில். பேரைச் சொல்.
மகிழ் எண்டு மட்டும்
எந்த ஒலிபெருக்கியும் சொன்னதில்லை.

ஏழு நாளா?
எனக்கு அந்தப் பெருநாள் ஒரு தையில் தொடங்கினது.
விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை,
பிறகு கம்பிவேலி.
வீட்டுத்திட்டம் வரும்வரை முடியவேயில்லை.

நட்சத்திரமும் பார்த்திருக்கிறன்.
சன்னம் துளைச்ச தறப்பாளில்
அண்ணா ஓட்டைகளுக்குப் பேர் வைச்சான்:
இது சப்பறம், இது மாட்டுவண்டில்,
இது எங்கட அதிபரின் மூக்கு.
நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன்.
பக்கத்துத் தறப்பாளில் ஒரு பிள்ளை செத்திருந்தது அன்று.
இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

வேலை முடிஞ்சு கட்டிக் குடுத்தம்.
மூன்று பக்கம் யூரியாச் சாக்கு,
மேலே பனைமட்டைக் குறுக்கு, கிடுகு.
என் கைக்கு இடைவெளி விடத் தெரியேல்லை.
ஒண்டின்மேல் ஒண்டு, அதன்மேல் இன்னொண்டு.
பெர்லா உள்ளே மல்லாந்து படுத்து
கனநேரம் பார்த்தாள்.
"நல்லாயிருக்கு" எண்டாள்.
"ஆனால் இது வீடு."

கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள்.
கேட்காத மாதிரிக் கயிற்றைச் சுருட்டினன்.

இரவு சோறு, பருப்பு, விரால் மீன்.
அவளின்ர ஆக்கள் அங்கே
செத்துப்போன மூத்தவரை விருந்துக்குக் கூப்பிடுவினமாம்,
இரவுக்கு ஒருத்தராய்.
நிறைமதி உடனே
"அப்பா, வாங்கோ, விரால் கிடக்கு" எண்டாள்,
ஏதோ படலைக்குள் நிக்கிறவரிட்டச் சொல்லுற மாதிரி.

என்ர முறை வந்தது.
கூப்பிட்டால் அவன் செத்தவன்.
கூப்பிடாட்டில் வெளியிலை நிக்கிறான்.
கந்தோர் கந்தோராய்க் குடுத்த படிவங்களில்
இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இல்லை.

தவளைகள் கத்தின.
பெர்லா ஒண்டும் கேட்கேல்லை, அது அவளில் நல்லது.

நான் எழும்பிக்
கருவிப் பெட்டியில் ஏறி நிண்டு
ஒரு கிடுகை உருவினன்.
மற்றதையும்.
பறுவ நிலவு விரால் தலையில் விழுந்தது.
முகிலுக்கு இடையில் இரண்டு வெள்ளி, கிட்டக் கிட்ட.
"அதிபரின் மூக்கு" எண்டன்.
அவையளுக்கு விளங்கேல்லை.
எனக்குத்தான் சிரிப்பு அடங்கேல்லை.
கட்டளைக்காக இல்லை.
அல்லது அதுக்காகவும்தானோ, தெரியாது.

பத்து மணிக்கு மழை பிடிச்சது.
மழை வந்தால் உள்ளே போகலாம்,
அதுவும் சட்டம்தான் எண்டு சொல்லிப்
பெர்லா பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

நானும் நிறைமதியும் போகேல்லை.
சோத்துச் சட்டியை மட்டும் மூடினம்.