கஃபீல்

ஷார்ஜா சஜாவில் சாரக்குழாய் கிடங்கு.
கேட்டைத் திறந்ததும் துரு வாசனை, அப்புறம் நாய்,
அதற்கும் அப்புறம் நான்.
இருபத்து மூன்று வருடமாகக் குழாய் எண்ணுகிறேன்:
ஆறு மீட்டர், நாலு மீட்டர்,
வளைந்து வந்தது, வராமலே போனது.

முதலாளி அம்பலவாணன் தொடங்கும்போது
நூற்றுப் பத்துக் குழாய், ஒரு பழைய பிக்கப்.
பெயர்ப்பலகையில் மட்டும் அவர் இல்லை.
அங்கே சலீம் பின் உபைத் இருந்தார்.
வருடத்துக்கு ஒருமுறை நேரிலும் வருவார்.
சோபாவில் சரிந்து ஒரு கஹ்வா குடிப்பார்,
நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார்,
உறையை எண்ணாமல் பைக்குள் வைப்பார்.
என்னதான் வியாபாரம் என்று ஒருமுறை கேட்டார்.
சொன்னேன்.
"இரும்பா, நல்லது, கெட்டுப்போகாது" என்றார்.
கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற முதலாளி
கார் மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்:
"பேர் குடுக்கிறதுக்கு ஒரு கூலி பாரு, எஸ்தாக்கி."

கட்டிடக்காரர்கள் காரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு
ஓடிப்போன வருடம்
ஊரே குழாயை எடைக்குப் போட்டது.
இவர் வாங்கினார்.
மூன்றே வருடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள்
எங்கள் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றன.
டெல்லியிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள்.
மணலில் கூடாரம், முழு ஆடு, வல்லூறு காட்டுகிறவன்.
அந்தச் செலவை நான்
"சாரம், பராமரிப்பு" என்று எழுதினேன்.

அவர் மேசையில் மூன்று தட்டு.
வந்தது. போனது. பிறகு.
நாலாம் மாடியிலிருந்து விழுந்த ரகுபீரின் இழப்பீட்டுக் கோப்பு
பதினொரு மாதம் மூன்றாவது தட்டில் கிடந்தது.
"முடியாதுன்னா கேஸ் வரும், சரின்னா காசு போகும்.
பிறகுன்னு சொல்லிப் பாரு, ஒண்ணும் ஆகாது."
ஒன்றும் ஆகவில்லைதான்.
ரகுபீருக்கு விசா முடிந்தது, அவ்வளவுதான்.

போன ஆவணியில்
ஏதோ ஒரு மலை மாநிலத்துக்கு அவரை ஆளுநராகப் போட்டார்கள்.
கஃபெட்டேரியாவில் கரக் ஆறிக்கொண்டிருக்க
போனில் பார்த்தேன்.
கோட்டு, பித்தான் வரை கழுத்து,
பின்னால் அசையாமல் ஒரு ராணுவக்காரர்.
கையெழுத்துப் போடும்போது
வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
பக்கத்தில் இருந்த பெஷாவர்க்காரன் கேட்டான்:
"உங்க முதலாளியா? இனி அவர்தான் அங்கே ராஜாவா?"

பிறகு சட்டசபை.
ஒரு கொட்டேஷனைக்கூட
மூன்று தடவை படிக்காமல் அனுப்பாத மனிதர்
யாரோ எழுதியதை ஐம்பது நிமிடம் வாசித்தார்.
எனது அரசு, எனது அரசு என்று
அந்த வாய் சொல்லச் சொல்ல
எனக்கு அந்தச் சோபா ஞாபகம் வந்தது.
ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்.
அம்பலவாணனின் சொல்லும் ஏறவில்லை.

அடுத்த மாதமே செய்தி:
ஆளுநர் மேசையில் ஒன்பது மசோதாக்கள்,
ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை.
டிவியில் நாலு பேர் காரணம் தேடிச் சண்டை போட்டார்கள்.
எனக்குத் தட்டே தெரியும்.

நேற்று ராத்திரி போன்.
"எஸ்தாக்கி, தூங்கிட்டியா? கிடங்குல எவ்வளவு நிக்குது?"
மகன் பாதியை சோஹார்க்காரனுக்கு விற்றுவிட்டான்.
அதைச் சொல்ல வேண்டாமென்று
பழைய கணக்கையே வாசித்தேன்.
ஆறு மீட்டர் நாலாயிரத்து இருநூறு.
நாலு மீட்டர் மூவாயிரத்துச் சொச்சம்.
"சொச்சம்னா?"
மூவாயிரத்து நாற்பத்தேழு.
மறுமுனையில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.
எண்பது அறை மாளிகையில்
அவரிடம் யாரும் ஒரு எண் சொல்வதில்லை போலும்.

ரகுபீரைப் பற்றிக் கேட்பார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"சலீம் எப்படி இருக்கார்?" என்றார்.
ரமலானுக்கு முன்னாலேயே போய்விட்டார் என்றேன்.
வெகுநேரம் சத்தமில்லை.
லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
"பாவம்" என்றார்.
"அந்தச் சோபாவுல
எவ்வளவு சலிச்சுப்போயிருக்கும் அந்த மனுஷனுக்கு."